வோல்ட் கூடினால் வேகம் கூடுமா?

இது வேக யுகம். பால் வாங்கப் போகிறவருக்கும் வேகம் வேண்டும். பள்ளிக்கு வருகிறவருக்கும் வேகம் வேண்டும். "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன?" என்று ஒரு முறையேனும் கேட்காதவர் நம்மில் இல்லை. அந்தக் கேள்வி இந்த ஆண்டு நம் பள்ளி வளாகத்துக்குள்ளும் வந்து சேர்ந்தது. அதற்கு விடை தேடிய கதையையும், தேடும்போது நாங்கள் கற்ற விஞ்ஞானப் பாடத்தையும் ஆண்டு மலரில் எழுதும்படி எங்கள் இயற்பியல் ஆசிரியை பணித்தார்கள். கற்றதை உள்ளபடியே எழுதுகிறோம். இதில் எங்கள் தவறும் ஒன்று உண்டு. அதையும் மறைக்கவில்லை.

நின்றுபோன வண்டி

நம் வளாகத்தில் ஓடும் நான்கு சக்கர மின்சார வண்டியை அறியாத மாணவி இருக்க முடியாது. கோல்ஃப் மைதானங்களில் ஆட்டக்காரர்களையும் அவர்களுடைய மட்டைகளையும் சுமந்து செல்வதற்காகச் செய்யப்பட்ட வகை இது. சென்ட்ரல் நிலையத்திலும் எழும்பூரிலும் முதியோரை ஏற்றிச் செல்லும் பாட்டரி காரும் இதற்கு உறவுதான். பழைய மாணவி ஒருவர் அன்பளிப்பாகத் தந்த இந்த வண்டி, முதிய கன்னியரை அவர்கள் இல்லத்திலிருந்து கோயிலுக்கு அழைத்துச் செல்லும். காலில் இரும்புத் தாங்கி அணிந்து நடக்கும் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தியை வாயிலிலிருந்து வகுப்பறைக்கு ஏற்றிச் செல்வதும் இதுவே.

கடந்த ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை, புதிய கட்டடத்தின் பக்கத்துச் சரிவுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்த வண்டி பாதியில் நின்றுவிட்டது. நின்றது மட்டுமன்று, பின்னோக்கி நகரவும் தொடங்கியது. டிரைவர் அண்ணா பிரேக்கை மிதித்துப் பிடிக்க, வாட்ச்மேன் தாத்தா ஓடி வந்து சக்கரத்துக்குப் பின்னே ஒரு கருங்கல்லை வைத்தார். உள்ளே இருந்தவர்கள் 84 வயதான மதரும் அந்தத் தங்கையும். இறைவன் அருளால் ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அன்று முதல் அந்தத் தங்கை வண்டியில் ஏற மறுத்துவிட்டாள். ராயபுரத்து ஜூன் வெயிலில், தாங்கியை ஊன்றி ஊன்றி நடந்தே வந்தாள்.

அறிவியல் மன்றத்து மாணவியராகிய நாங்கள் இதைப் பற்றிக் கூடிப் பேசினோம். "வண்டிக்குச் சக்தி போதவில்லை. இப்போது 36 வோல்ட். இன்னும் இரண்டு பாட்டரி சேர்த்து 48 வோல்ட் ஆக்கிவிட்டால் சிட்டாய்ப் பறக்கும்" என்றாள் எங்களுள் ஒருத்தி. கைபேசியில் அப்படிச் செய்யும் காணொளிகள் பல இருப்பதாகவும், தன் அண்ணன் தன் ஸ்கூட்டரில் இதையே செய்திருப்பதாகவும் சொன்னாள். கேட்க நன்றாக இருந்தது. விளையாட்டு விழாவில் தின்பண்டக் கடை வைத்துச் சேர்த்த பணமும் எங்களிடம் இருந்தது. அன்றே கடைக்குப் போயிருப்போம். ஆனால் எங்கள் ஆசிரியை, "வாங்குவதற்கு முன் விளங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் எங்களை உட்கார வைத்துவிட்டார்கள்.

வோல்ட்டும் வேகமும்

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். வண்டியின் இருக்கையைத் தூக்கினால் கீழே ஆறு பாட்டரிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 6 வோல்ட். ஒன்றின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு இணைத்துத் தொடராகக் கட்டியிருப்பதால் மொத்தம் 36 வோல்ட். இந்த மின்சாரம் கன்ட்ரோலர் என்னும் பெட்டியின் வழியாக மோட்டாருக்குப் போகிறது. காலால் மிதிக்கும் அளவுக்கேற்ப மோட்டாருக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து அளந்து கொடுப்பது அந்தப் பெட்டியின் வேலை.

மோட்டார் சுழலும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. அது தானே ஒரு டைனமோவாகவும் ஆகி, வருகிற மின்சாரத்துக்கு எதிராக ஒரு வோல்ட்டேஜை உண்டாக்குகிறது. மேல்நிலை வகுப்பில் இதை எதிர் மின்னியக்கு விசை என்று படிக்கிறோம். மோட்டார் வேகமாகச் சுழலச் சுழல இந்த எதிர்ப்பும் வளர்கிறது. கொடுத்த வோல்ட்டேஜை அது ஏறக்குறைய எட்டிப் பிடிக்கும் இடத்தில் வேகம் நிலைத்துவிடுகிறது. ஆகவே வோல்ட்டேஜைக் கூட்டினால் அந்த நிலைக்கும் இடம் மேலே போகிறது, வேகமும் கூடுகிறது. 36 இலிருந்து 48 என்றால் மூன்று பங்கு நான்கு பங்காகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஏறக்குறைய 24 கிலோமீட்டர் ஓடும். காணொளிக்காரர்கள் சொல்வது பொய்யன்று.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய பொம்மைக் காரின் மோட்டாரில் ஒரு நூல்கண்டு உருளையைப் பொருத்தி, இரண்டு டார்ச் செல்லில் ஒரு மீட்டர் நூலைச் சுற்ற எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு மூன்று செல்லில் பாருங்கள். நேரம் குறையும். அடுத்து நூலின் முனையில் ஒரு சிறு பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். இப்போது மோட்டார் திணறும், செல் சூடாகும். இங்கேதான் இரண்டாம் பாடம் இருக்கிறது. வேகத்தைத் தருவது வோல்ட்; பாரத்தை இழுக்கும் பலத்தைத் தருவது ஆம்பியர், அதாவது மோட்டாரின் வழியே பாயும் மின்னோட்டம்.

சரிவில் ஏற எங்கள் வண்டிக்கு வேண்டியது எது? இழுக்கும் பலம். அந்தப் பலம் கன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர் வரை விடும் என்பதைப் பொறுத்தது. வோல்ட்டை மட்டும் கூட்டி, அதே ஆம்பியர் எல்லையுள்ள கன்ட்ரோலரை வைத்தால், சமதரையில் வேகம் கூடுமேயன்றி, மேட்டில் கிளம்பும் பலம் கூடாது. இதை நாங்கள் கரும்பலகையில் எழுதி முடித்தபோது முதல் ஐயம் எழுந்தது. நாங்கள் தலைவலிக்குக் கால் மருந்து தடவப் பார்த்தோமோ?

கடற்கரை நிலையத்து மின்ரயில்

வோல்ட்டேஜை உயர்த்துவது நம் ஊருக்குப் புதிதன்று. 1895 ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடிய நகரம் நம்முடையது. அது 1953 இல் நின்றுவிட்டது. நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம், ராயபுரத்தை அடுத்துள்ள கடற்கரை நிலையத்தில் இருக்கிறது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931 ஆம் ஆண்டில் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது மேலே செல்லும் கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அக்காலத்து நேர்மின்சார ரயில்களில் வழக்கமான ஓர் ஏற்பாடு உண்டு. வண்டி புறப்படும்போது மோட்டார்களைத் தொடராக இணைப்பார்கள். ஆளுக்குப் பாதி வோல்ட்டேஜ்தான் கிடைக்கும். வண்டி மெதுவாகக் கிளம்பும். வேகம் பிடித்ததும் அவற்றை இணையாக மாற்றுவார்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் கிடைக்கும் வோல்ட்டேஜ் இரு மடங்காகும், வேகமும் ஏறும். நாங்கள் வண்டியில் செய்ய நினைத்ததும் இதே தத்துவந்தான். ஆனால் ஒரு வித்தியாசம். அந்த முழு வோல்ட்டேஜுக்கும் முழு வேகத்துக்கும் ஏற்றபடியே ரயிலின் மோட்டார், சக்கரம், பிரேக் அனைத்தையும் முதலிலேயே வடிவமைத்திருந்தார்கள்.

பின்னர் 1960-களில் அதே பாதை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. பதினாறு மடங்குக்கும் மேலான உயர்வு! அப்படியானால் ரயிலும் பதினாறு மடங்கு வேகமாக ஓடியதா? இல்லை. ஏனெனில் அந்த 25,000 வோல்ட் மோட்டாருக்குப் போவதே இல்லை. ரயிலின் உள்ளேயே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைத்து, மோட்டாருக்கு ஏற்ற அளவில்தான் கொடுக்கிறது. பிறகு ஏன் உயர்த்தினார்கள்? ஒரே அளவு சக்தியை அனுப்பும்போது, வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும். கம்பியில் வெப்பமாக வீணாகும் சக்தி ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் பதினாறில் ஒரு பங்கானால், அதே கம்பியில் வீணாவது இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கம்பி மெல்லியதாக இருக்கலாம். மின்நிலையங்களைத் தூரத் தூரமாக அமைக்கலாம். திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி செல்லும் நம் மின்ரயிலும் இதே 25,000 வோல்ட்டில்தான் ஓடுகிறது. 1970-களில் எழுந்து 2017 இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து மின்சாரத்தை உயர் அழுத்தக் கம்பிகளில் அனுப்பியதற்கும் காரணம் இதுவே.

ஆக, வோல்ட்டை உயர்த்துவதில் இரண்டு வகை உண்டு என்று அறிந்தோம். ஒன்று, வழியில் வீணாவதைக் குறைக்க உயர்த்துவது. மற்றொன்று, மோட்டாரையே விரட்ட உயர்த்துவது. முதலாவது சிக்கனம், இரண்டாவது சவாரி. சவாரி செய்யப் போகிறவர் குதிரையை மட்டுமன்று, கடிவாளத்தையும் பார்க்க வேண்டும்.

வேறென்ன கூடும்?

"கடிவாளம்" என்று நாங்கள் சொன்னது பிரேக்கை. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பள்ளியிலேயே வரும் பாடம். வேகம் மூன்று பங்கிலிருந்து நான்கு பங்கானால், ஆற்றல் ஒன்பது பங்கிலிருந்து பதினாறு பங்காகிறது. பிரேக் பிடித்த பிறகு 5 மீட்டரில் நிற்கும் வண்டி, ஏறக்குறைய 9 மீட்டர் ஓடித்தான் நிற்கும். நம் பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் சிறுமியர் மடை திறந்த வெள்ளம்போல் ஓடி வருவதை எண்ணிப் பாருங்கள். அந்த 4 மீட்டர் இடைவெளியில் எத்தனை பிள்ளைகள் நிற்க முடியும்!

பாட்டரியோடு மாற்ற வேண்டியவையும் பல. 36 வோல்ட்டுக்குச் செய்த கன்ட்ரோலரில் 48 வோல்ட்டைக் கொடுத்தால் அது எரிந்துபோகக் கூடும். மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சொலினாய்டின் சுருளும் அப்படியே. பழைய சார்ஜரால் புதிய தொகுதியை நிரப்ப முடியாது. மோட்டாரில் ஆம்பியரும் மூன்றில் ஒரு பங்கு கூடினால், சுருளில் உண்டாகும் வெப்பம் ஒன்றே முக்கால் மடங்காகும். இவை அனைத்துக்கும் விலை கேட்டுப் பட்டியல் போட்டோம். இரண்டு பாட்டரி வாங்கப் புறப்பட்ட எங்கள் கணக்கு, ஆறு புதிய பாட்டரிகளின் விலையையும் தாண்டிவிட்டது.

சட்டமும் உண்டு. அமெரிக்காவில் கோல்ஃப் வண்டிகளின் வேகத்தைக் கூட்டித் தெருவில் ஓட்டுவது பரவியபோது, 1998 இல் ஒரு விதி செய்தார்கள். மணிக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டரைத் தாண்டி 40 கிலோமீட்டர் வரை ஓடும் இத்தகைய வண்டிக்கு விளக்கு, கண்ணாடி, இருக்கைப் பட்டி எல்லாம் இருக்க வேண்டும் என்பது அந்த விதி. வேகம் கூடினால் பொறுப்பும் கூடும் என்பதே இதன் பொருள். நம் நாட்டில் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும், 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் உள்ள சிறு மின்ஸ்கூட்டர்களுக்குப் பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்று விலக்கு அளித்திருக்கிறார்கள். பல பெற்றோர் அவற்றைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவது இதனால்தான். ஆனால் உள்ளே ஒரு பாட்டரியைச் சேர்த்து வேகத்தைக் கூட்டிய மறுகணமே அந்த விலக்கு போய்விடுகிறது. பார்வைக்கு அதே வண்டி. சட்டத்தின் பார்வையில் அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். விபத்து நேர்ந்தால் பொறுப்பு முழுவதும் வீட்டார் தலையில் விழும்.

ஓர் அண்ணனின் ஸ்கூட்டர்

நாங்கள் இப்படி வாதிட்டுக்கொண்டிருந்த ஜூலை மாதத்தில், யோசனை சொன்ன தோழி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து நடந்ததைச் சொன்னாள். அவள் சம்மதத்துடனே இங்கு எழுதுகிறோம்.

அவள் அண்ணன் தன் 48 வோல்ட் மின்ஸ்கூட்டரில் ஐந்தாவது 12 வோல்ட் பாட்டரியைச் சேர்த்து 60 வோல்ட் ஆக்கியிருந்தார். மூன்று வாரம் நன்றாகவே ஓடியது. ஓர் இரவு, முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு வேலை முடிந்து எண்ணூரிலிருந்து திரும்பும்போது, கடற்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி 'படார்' என்ற ஓசையுடன் அணைந்துவிட்டது. விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை. பின்னால் வந்த லாரிக்காரர் கடைசிக் கணத்தில் ஒதுக்கியதால் உயிர் பிழைத்தார். பக்கத்து மணலில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. தோள் கூடும் வரை வேலைக்குப் போக முடியவில்லை. அந்த வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவரே.

காரணம் என்ன? திறந்து பார்த்த மெக்கானிக், கன்ட்ரோலருக்குள் வெடித்துக் கிடந்த கெப்பாசிடரை எடுத்துக் காட்டினாராம். அதன் மேல் 63 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. 60 வோல்ட்தானே, தாங்காதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் '12 வோல்ட் பாட்டரி' என்பது பெயர் மட்டுமே. முழுதாக நிரம்பி ஓய்ந்திருக்கும்போதே அது 12.7 வோல்ட் காட்டும். சார்ஜரிலிருந்து எடுத்த உடனே 13 வோல்ட்டும் காட்டும். ஐந்து சேர்ந்தால் 65. அச்சிட்ட எல்லையைத் தாண்டியாயிற்று. மூன்று வாரம் தாங்கியதே அதிசயம். "ஒரு நாள் ஓடியது என்பதால் அது சரி என்று ஆகிவிடாது" என்று எங்கள் ஆசிரியை சொன்னதை நாங்கள் மறக்க மாட்டோம்.

நோய் எங்கே?

அடுத்த வாரம் மதரிடம் போனோம். "வண்டி எவ்வளவு வேகம் போக வேண்டும், மதர்?" என்று கேட்டோம். அவர்கள் சிரித்துக்கொண்டே, "எனக்கு எதற்கம்மா வேகம்? மேட்டில் நிற்காமல் போனால் போதும். நேற்றுவரை போனதுதானே?" என்றார்கள்.

நேற்றுவரை போனதுதானே! அந்த ஒரு சொல் எங்கள் கண்ணைத் திறந்தது. நான்கு ஆண்டாக இதே 36 வோல்ட்டில், இதே சரிவில் ஏறிய வண்டிதான் இது. அப்படியிருக்க, புதிதாகச் சேர்க்க வேண்டியதைத் தேடுவதைவிட, இருந்ததில் எது போயிற்று என்று தேடுவதல்லவா முறை? மருத்துவரும் முதலில் நாடியைத்தானே பார்க்கிறார்!

எங்கள் ஆசிரியையும் டிரைவர் அண்ணாவும் அளக்க, நாங்கள் குறித்துக்கொண்டோம். மைதானத்தின் ஓரத்தில் 60 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடவிட்டோம். 18 விநாடி ஆயிற்று. அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். பிறகு மல்ட்டிமீட்டரை வைத்தோம். நிற்கும்போது ஆறு பாட்டரியும் சேர்ந்து 37.4 வோல்ட். குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பாரத்தோடு ஓடும்போது அளந்ததில் உண்மை வெளிப்பட்டது. ஐந்து பாட்டரிகள் ஆளுக்கு 5.6 வோல்ட் கொடுத்தன. நான்காவது மட்டும் 3.1 வோல்ட்டுக்கு விழுந்தது. இணைப்பு ஒன்றிலேயே 1.1 வோல்ட் வீணாயிற்று. ஆக, மோட்டார்ப் பக்கம் போனது 30 வோல்ட் மட்டுமே. மேட்டில் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும்போது இது மேலும் சரியும். வோல்ட் மிகவும் தாழ்ந்தால் பாட்டரியைக் காக்கக் கன்ட்ரோலர் தானே மின்சாரத்தைக் குறைத்துவிடும். வண்டி பாதியில் நின்றதன் மர்மம் இதுதான்.

வோல்ட் வீணான இணைப்பைப் பார்த்தோம். முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஓட்டிய உடனே தொட்டால் கை சுட்டது. ஆசிட் ஆவியும் நம் கடற்கரையின் உப்புக் காற்றும் சேர்ந்து செய்த வேலை. பின் சக்கரம் ஒன்றில் பிரேக் கட்டை எப்போதும் உராய்ந்துகொண்டே இருந்தது. டயர்களில் காற்று பாதியளவே இருந்தது. இப்படி நாலா பக்கமும் வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "இன்னும் இரண்டு பாட்டரி சேர்" என்று நாங்கள் சொன்னோமே!

காசிமேட்டில் மீன்பிடிப் படகுகளுக்குப் பாட்டரி பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் வந்து மூடிகளைத் திறந்து பார்த்தார். உள்ளே ஈயத் தகடுகள் தண்ணீருக்கு வெளியே தெரிந்தன. "எத்தனை நாளாச்சு தண்ணி ஊத்தி?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வாரந்தோறும் பாட்டரியைக் கவனிக்கும் பொறுப்பு அறிவியல் மன்றத்தினுடையது. ஆண்டுத் தேர்வு வந்ததும் மறந்தோம். கோடை விடுமுறை முழுவதும் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே வண்டி கொட்டகையில் கிடந்தது. அப்படிக் கிடந்தால் ஈயத் தகடுகளின் மேல் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய சக்தி வராது. அந்தச் சரிவில் வண்டியை நிறுத்தியது 36 வோல்ட்டின் குறை அன்று. எங்கள் கவனக் குறைவே. இதுதான் நாங்கள் தொடக்கத்தில் சொன்ன தவறு. தலைமை ஆசிரியையிடமும் மதரிடமும் சென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

முடிவு

ஒரு பாட்டரியை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டதற்கு அண்ணாச்சி தலையை ஆட்டினார். பழைய ஐந்தோடு புதிய ஒன்றைக் கட்டினால், கிழ மாடுகளோடு இளங்கன்றை நுகத்தில் பூட்டியது போலாகும். புதியதும் சீக்கிரமே தேய்ந்துவிடும் என்றார். மேலும் நான்கு ஆண்டு உழைத்தவை அவை. எனவே 48 வோல்ட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் அதே அளவில் ஆறு புதிய பாட்டரிகள் வாங்கினோம். பழையவற்றை விலை கழித்துக்கொண்டு கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அவற்றிலுள்ள ஈயத்தை முறைப்படி உருக்கி மீண்டும் பயன்படுத்துவார்கள். குப்பையில் எறிவது பெரும் தீங்கு.

இணைப்பு முனைகளை ஆப்ப சோடா கரைத்த நீரால் கழுவினோம். பொங்கி நுரைத்து ஆசிட் அடங்கியது. நன்றாகத் துடைத்து, இறுக முடுக்கி, மேலே வாஸலின் தடவினோம். பிரேக்கைச் சரிசெய்து, டயருக்குக் காற்றும் அடித்தாயிற்று. மறுபடி அதே 60 மீட்டர். இம்முறை 12 விநாடி. மணிக்கு 18 கிலோமீட்டர்! ஒரு வோல்ட்கூடக் கூட்டாமல், வேகம் ஒன்றரை மடங்காகியிருந்தது. உண்மையில் அது கூடிய வேகம் அன்று, தொலைந்து கிடைத்த வேகம்.

அன்று மாலை சரிவில் முதலில் ஏறியது நாங்கள்தான். மூன்று பேர் அமர்ந்து, பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி, மீண்டும் கிளப்பிப் பார்த்தோம். ஐந்து முறையும் ஏறியது. அதைச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வாயிலில் மதர் வண்டியில் அமர்ந்தபடி, பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார்கள். தங்கை சற்று நேரம் தயங்கினாள். பிறகு தாங்கியை முன்னால் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வாட்ச்மேன் தாத்தா மட்டும் இன்னும் அந்தக் கருங்கல்லைச் சரிவின் ஓரத்திலேயே வைத்திருக்கிறார். "இருக்கட்டும் பாப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்கிறார்.

இப்போது 18 கிலோமீட்டர் ஓடக்கூடிய வண்டிக்கு, வளாகத்துக்குள் 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று தலைமை ஆசிரியை விதி செய்திருக்கிறார்கள். இடைவேளையில் ஓடவே கூடாது. எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை.

நினைவில் வைக்கச் சில குறிப்புகள்

வீட்டில் மின்ஸ்கூட்டரோ, இன்வெர்ட்டரோ வைத்திருக்கும் பெற்றோருக்கும் மாணவியருக்கும் நாங்கள் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பாட்டரியில் தகடுகள் எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. முழுதாக நிரப்புவது சார்ஜ் ஏறிய பிறகு. முன்பே நிரப்பினால் பொங்கி வழியும்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆகவே காற்றோட்டமான இடம் வேண்டும். பக்கத்தில் தீக்குச்சியோ, ஊதுவத்தியோ கூடாது.

பாட்டரியில் கை வைக்கும் முன் வளையல், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 36 வோல்ட் நம்மைத் தூக்கி எறியாது. ஆனால் ஒரு வளையல் இரு முனைகளையும் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைச் சுடும். கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். ஆசிட் பட்ட சீருடையில் ஓட்டை விழுவதை எங்களுள் இருவர் வீட்டில் வாங்கிய திட்டோடு கற்றனர்.

விடுமுறைக்குப் போகுமுன் முழு சார்ஜ் ஏற்றி வையுங்கள். நீண்ட விடுமுறையானால் இடையிடையே மறுபடி ஏற்றுங்கள்.

வண்டி மெதுவாகப் போனால் வோல்ட்டைக் கூட்ட நினைக்கும் முன், ஓடும்போது ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனியே அளந்து பாருங்கள். நிற்கும்போது எல்லாப் பாட்டரியும் நல்ல பாட்டரிதான்!

எங்கள் மன்றப் பலகையில் இப்போது ஒரு அட்டவணை தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் இருவர் பாட்டரியைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களுக்கும் பெயர்கள் எழுதியாயிற்று. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்கள் அதை ஏற்றுக்கொண்டுள்ளனர். மே மாதத்தின் முதல் வாரத்துக்குத் தானே முன்வந்து பெயர் கொடுத்தவள், 48 வோல்ட் யோசனை சொன்ன அந்தத் தோழிதான். அவள் அண்ணன் தோள் குணமாகி வேலைக்குத் திரும்பிவிட்டார். ஸ்கூட்டர் பழைய 48 வோல்ட்டிலேயே ஓடுகிறது.

வோல்ட் கூடினால் வேகம் கூடுமா என்று கேட்டால், கூடும் என்பதே விஞ்ஞானத்தின் விடை. ஆனால் நமக்கு வேண்டியது வேகந்தானா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். அதை எங்களைக் கேட்க வைத்த ஆசிரியைக்கும், ஒரு சொல்லால் வழிகாட்டிய மதருக்கும், கூலி வாங்க மறுத்த அண்ணாச்சிக்கும், டிரைவர் அண்ணாவுக்கும், வாட்ச்மேன் தாத்தாவுக்கும் எங்கள் நன்றி உரியது.

அறிவியல் மன்ற மாணவியர்,
மேல்நிலை முதலாம் ஆண்டு